நாடி கிடைக்கவில்லை

"நாடியே இல்லையேப்பா" என்றார் டாக்டர் பூவனநாதன், வெயிலுமுத்துவின் மணிக்கட்டை விடாமல்.

வெயிலுமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதின்மூன்று வருடம் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, இந்தத் தொண்ணூற்றேழு சித்திரையில்தான் கோவில்பட்டியில் ஓர் அரசு ஆபீஸில் ப்யூன் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. உடல்தகுதிச் சான்றிதழோடு இன்று மாலை ஐந்துக்குள் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அதனால்தான் ஆஸ்பத்திரி முன்னறையின் நீண்ட வரிசையை விட்டுவிட்டு, கூட்டமே இல்லாத பின்னறைக்குள் மனைவி செல்வமாரியோடு நுழைந்தான். வரிசை இல்லாத இடத்தைக் கண்டால் நம் ஊரில் எவன் காரணம் கேட்பான்?

"அடுத்த கையைப் பாருங்க சார்."

பார்த்தார். அதிலும் இல்லை. அவர் விரல்கள் சில்லென்றிருந்தன. அந்த வெயிலுக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நெஞ்சும் பேசலை."

"நான்தான் பேசுதேனே சார்!"

"பேசுறதெல்லாம் ஆதாரம் இல்லப்பா. ரேடியோவும்தான் பேசுது."

குதித்தால் கேட்குமென்று வெயிலுமுத்து இருபது முறை குதித்தான். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். "கடைசி மூச்சு சில பேருக்கு இப்படித்தான் நீளும்" என்று குறித்துக்கொண்டார் டாக்டர்.

சாட்சிக்குச் செல்வமாரியை இழுத்தான். அவள் அவன் மார்பில் காதை வைத்தாள். "நல்லா லொடக்கு லொடக்குன்னு அடிக்குது சார்!"

"உனக்கு இவன் உயிரோட இருக்கணும்னு ஆசை. ஆசைப்பட்ட காதுக்குக் கேட்கத்தான் செய்யும். எனக்கு அந்த ஆசை இல்ல, அதனால நான் சொல்றதுதான் ஆதாரம்."

செல்வமாரி யோசித்தாள். மெல்ல நாலடி தள்ளி நின்றாள். "ஏங்க, நேத்து கருவாட்டுக் குழம்பை வேண்டாம்னீங்களே. உசுரோட இருக்கிற ஆளு அப்படிச் சொல்லுமா?"

"ஏட்டி, நீயுமா?"

"படிச்சவிய சொல்லுதாங்கள்லா..."

இப்போது அவனுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. தன் மணிக்கட்டைத் தானே தொட்டுப் பார்த்தான். எது நாடி, எது நடுக்கம் என்றே தெரியவில்லை. அழுதுவிட்டான்.

"செத்திருந்தாலும் பரவால்ல சார். வேலைக்கு மட்டும் தகுதின்னு எழுதிக் குடுத்துருங்க."

டாக்டர் சான்றிதழ்த் தாளை எடுத்தார். "எனக்கும் இந்த உத்தியோகத்தை விட மனசு வரலைதான்" என்று முனகிவிட்டு, கையெழுத்திட்டு, சீல் கட்டையை ஓங்கிக் குத்தினார்.

நாலே முக்காலுக்கு ஆபீஸுக்குள் ஓடினான். செல்வமாரி பத்தடி பின்னால்தான் வந்தாள். கிளார்க் பொன்மணி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வருகைப் பதிவேட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"டாக்டர் பூவனநாதன் செத்து ஒரு வருசம் ஆகுது அண்ணாச்சி. ஆனா அவிய செத்ததா இந்த ஆபீஸுக்கு இன்னும் பேப்பர் வரலை. சீல் செல்லும், கையெழுத்தைப் போடுங்க."