பத்து நாற்பது வண்டிக்கு நான் காட்டிய கை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இப்போது கிடையாது என்று அவள் சொல்கிறாள். ஆனாலும் கடிதம் என்றால் விசாரிக்கத்தானே வேண்டும், அதனால் விசாரிக்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வியாழக்கிழமை ரயில் பெட்டியின் வாசலில் நின்றுகொண்டு நீ என்னைத் திட்டியபோது குரலில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த மட்டில் சந்தோஷம்.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டியவனுக்கு வரிசை தப்பினால் எழுத வராது. நம் ஸ்டேஷனுக்கு இந்த வருஷம் நூறு முடிகிறது. 'நமது நிலையம்: வரலாறும் சேவைகளும்' என்று ஒரு சிறு புத்தகம் போட வேண்டும், உங்களை விட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்று பயணிகள் சங்கத்துக்காரர்கள் என் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர், அதில் மூன்று பேர் பஸ்ஸில் போகிறவர்கள். நானும் ஓய்வுபெற்று இரண்டு வருஷமாக வீட்டுக்காரியின் வேலையில் தலையிட்டுக்கொண்டிருந்தவன், உடனே தலையாட்டிவிட்டேன். அன்று அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை நான் காதால் கேட்டேன்.

வரலாறு எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது அக்கா. கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப்போகப் போட்ட தண்டவாளம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு மணி, இவ்வளவுதான் ஆரம்பம். பிறகு ஓட்டுக் கட்டடம் வந்தது, பார்சல் ஆபீஸ் வந்தது, முதல் வகுப்புக்காரர்களுக்கென்று சாய்வு நாற்காலி போட்ட ஓர் அறை வந்தது. அப்பா இங்கே பாயிண்ட்ஸ்மேனாகத் தண்டவாளம் மாற்றிவிட்டுக்கொண்டிருந்த நாளில் ஒரு நாளைக்குப் பதினான்கு வண்டி நின்றது. பார்சல் ஆபீஸ் தராசில் நீயும் நானும் ஏறி எடை பார்த்ததையும், நீதான் கனம் என்பதையும் எழுதியிருந்தேன், பிறகு யோசித்து இரண்டாவதை அடித்துவிட்டேன். இப்படி ஐம்பத்தெட்டுப் பக்கம் ஓடிவிட்டது. 'சேவைகள்' என்று தலைப்புப் போட்டபோதுதான் பேனா முரண்டு பிடித்தது. இப்போது நிற்பது மூன்று வண்டி. சிற்றுண்டிச் சாலையில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறது. காத்திருக்கும் அறை உண்டு, ஆனால் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிகிறவரை வெளியில் காத்திருக்க வேண்டும். எடை பார்க்கிற இயந்திரம் உண்டு, யார் ஏறினாலும் ஒரே எடைதான் சொல்லும். புகார்ப் புத்தகம் உண்டு, அதில் கடைசியாக எழுதியிருப்பது புகார்ப் புத்தகத்தோடு கட்டியிருந்த பேனாவைக் காணோம் என்பது. எப்படி இழுத்துப் பார்த்தும் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை.

பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று என் சொந்தச் சேவையைப் பற்றி நாலு வரி சேர்த்தேன். 'இந்நிலையத்தில் அதிகாரியாக இருந்த பத்தொன்பது ஆண்டுகளில் நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை' என்று எழுதினேன். எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இரண்டாம் முறை படித்துப் பார்த்தபோது அந்தப் பத்தொன்பது வருஷத்துக்குள்தான் அத்தான் இறந்துபோன நாளும் இருக்கிறது என்பது உறைத்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

லீவு தரவில்லை, மாற்று ஆள் அனுப்பவில்லை, அதனால்தான் வர முடியவில்லை என்று அன்றைக்கு உனக்குச் சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டு வருஷமாகச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதையே சொல்லியிருக்கிறேன், சொல்லிச் சொல்லி பாதி நானே நம்பிவிட்டேன். அது பொய் அக்கா. நான் லீவே கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்திருப்பான். அத்தான் இல்லாத அந்த வீட்டில் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்துவிட்டேன். வண்டி வருகிறது, சிக்னல் பார்க்க வேண்டும், நான் இல்லாவிட்டால் ஸ்டேஷன் என்ன ஆகும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். அன்றைக்கு ஸ்டேஷனில் இறங்கியவர்கள் ஏழு பேர். நீ அதற்கப்புறம் என்னோடு பேசாமல் இருந்ததில் ஒரு தப்பும் இல்லை.

இதை நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்னும் முடியாத புத்தகத்தின் வெளியீட்டைச் சாக்காக வைத்து உனக்குத் தபால் கார்டு போட்டேன். 'வியாழக்கிழமை பத்து நாற்பது வண்டியில் வருகிறேன்' என்று ஒரே வரியில் உன் பதில் வந்தது. அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதை என் வீட்டுக்காரி உனக்குச் சொல்லுவாள், அவள் எண்ணியிருக்கிறாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"எதுக்குங்க இந்த யூனிஃபார்ம்? இன்னும் சம்பளம் வாங்கற மாதிரி," என்றாள்.

"அக்கா என்னை இதுலதான் பாத்திருக்கு. அடையாளம் தெரிய வேணாமா?" என்றேன். விதி என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டு பேசியிருக்கிறது.

உன் பெட்டி தண்ணீர்க் குழாய்க்கு நேராக வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே போய்த்தான் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். கால் கேட்கவில்லை. ஆபீஸ் வாசலுக்கு எதிரே, பத்தொன்பது வருஷம் நின்ற அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வண்டி வந்தது. நீ பெட்டி வாசலில் தெரிந்தாய். தலை முழுக்க வெளுத்திருந்தது. நீ முதலில் பையை இறக்கி வைத்தாய், பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாய். இப்போதிருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சின்னப் பெண், அந்த நேரம் பார்த்து உள்ளே டெலிபோனில் இருந்திருக்கிறார். கடைசிப் பெட்டியிலிருந்து கொடி காட்டுகிற ரயில் கார்டு எட்டிப் பார்த்தான். அவனும் புதியவன். வெள்ளைக் கோட்டோடு ஒரு பெரியவர் விறைப்பாக நிற்பதைப் பார்த்து, கிளம்பலாமா என்று பச்சைக் கொடியைக் காட்டினான்.

அக்கா, என் கை தானாக உயர்ந்தது. சத்தியமாக நான் உயர்த்தவில்லை. பச்சைக் கொடியைப் பார்த்தால் அது அப்படித்தான் உயரும், அதற்கு என்னைக் கேட்கிற வழக்கமே கிடையாது. வண்டி ஊதிவிட்டு நகர்ந்தது.

"டேய், நான் இன்னும் எறங்கலடா," என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதாவது நான் ஓடியிருக்க வேண்டும். ஆனால் வண்டி ஸ்டேஷனை விட்டுப் போகும்போது எந்தப் பெட்டியும் கழன்றுவிடவில்லை என்று உறுதிசெய்ய, கடைசிப் பெட்டியில் தொங்கும் பலகையைப் பார்க்கும்வரை மாஸ்டர் அசையக் கூடாது என்பது விதி. நான் அசையவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே நீ என் முன்னால் கடந்துபோனாய், நான் உனக்கு விறைப்பாக மரியாதை செலுத்திக்கொண்டு நின்றேன். பலகையைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாகப் பத்து நாற்பத்தொன்று. அதற்கப்புறம்தான் 'அக்கா' என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் உன் பையும் நானும் மட்டும் இருந்தோம்.

மாஸ்டரம்மா உடனே அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உன்னைப் பத்திரமாக இறக்கச் சொன்னார். நான் பேச வேண்டும் என்றேன். நீ போனை வாங்க மறுத்துவிட்டாய். அங்கிருந்தவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. 'ரெண்டு தடவை போதும்'னு தம்பிகிட்ட சொல்லச் சொன்னாங்க. பஸ் ஏறி வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க." மாஸ்டரம்மாவிடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். 'ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் பழக்க தோஷத்தால்' என்று எழுதிக் கொடுத்தாராம். வரலாறு எழுதப் போய் நானே வரலாறு ஆகிவிட்டேன்.

அக்கா, தயவுசெய்து இன்னொரு முறை வா. அடுத்த வியாழக்கிழமை அதே வண்டி. நான் பிளாட்பாரத்துக்குள் காலே வைக்க மாட்டேன், வெளியில் ஆட்டோ நிறுத்துகிற இடத்தில் நிற்கிறேன். கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொள்கிறேன். கைகளை என் வீட்டுக்காரி பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். உன் பையைத் திறக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், அதை எடுத்துக்கொள்வதற்காகவாவது நீ வந்துதானே ஆக வேண்டும் என்று ஓர் அற்ப ஆசை. பையைக் கொடுத்து அனுப்பிவிட்டால் எனக்கு வேறு பிடிமானம் இல்லை.

சின்னவன் நான் உனக்கு வாழ்த்துச் சொல்ல முடியாது, உன் ஆசியைக் கேட்கவும் வாய் வரவில்லை. திட்டாகவே அனுப்பினாலும் அதை ஆசியாக எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரி உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னாள், என்னை எதுவும் கேட்பதில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உன் தம்பி

பின்குறிப்பு: மேலே வா, வா என்று எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கடிதத்தை ஒட்டப் போகும்போது என் வீட்டுக்காரி உன் பையைத் திறந்துவிட்டாள். உள்ளே பத்து நாளைக்கு மாற்றுத்துணி, உன் பிரஷர் மாத்திரை, உன் மூக்குக்கண்ணாடி.

"கண்ணாடிய நீங்க வச்சுக்கிட்டா, இந்த லெட்டரை அவங்க யாருகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்வாங்க? பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயா?" என்று கேட்டாள். துணிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "பத்து நாள் இருக்கணும்னு வந்திருக்காங்க," என்றாள். அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

ஆகையால் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் உன்னால் வாங்க முடிந்ததோ என்னவோ, நாளைக் காலை முதல் வண்டியில் பையோடு நானே வருகிறேன். முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள், பிறகு இதைப் படி, எனக்கு நேரில் பேச வராது. மாஸ்டரம்மாவிடம் போய் ஒரு விடுப்பு விண்ணப்பம் வாங்கிப் பூர்த்திசெய்து கொடுத்தேன். ஓய்வுபெற்றவனுக்கு எதற்கு லீவு என்று அவர் கேட்கவில்லை. காரணம் என்ற இடத்தில் 'அக்கா வீட்டுக்காரர் இறந்துவிட்டார்' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "உடனே கிளம்புங்க சார், ஸ்டேஷனை நான் பாத்துக்கறேன்," என்றார்.