ரெண்டும்சரி எழுதிய பரீட்சை

சங்கரன்கோவிலில் பிறந்தவர்களிலேயே, மனசு நல்லதாக இருந்த ஒரே காரணத்துக்காக மதிப்பெண் இழந்த ஆள் ரெண்டும்சரி ஒருவன்தான். இதை எந்த மேடையில் ஏறி வேண்டுமானாலும் சொல்ல நான் தயார். யாராவது மறுத்துப் பேச வந்தால், மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, "அவுக சொல்லுததும் சரிதானல" என்று அவனே என் காலை வாரிவிடுவான்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அதை நான் ஹால் டிக்கெட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ரெண்டும்சரி என்ற பெயர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் திருவேங்கடம் பஸ் ஏறினோம். ஒருவர் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறார். அவர் சுற்றிக்கொண்டு படியேறி வருவதற்குள் இன்னொருவர் அந்தத் துண்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். சண்டை முற்றி, பக்கத்தில் நின்ற இவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இவன் நிதானமாக யோசித்து, "துண்டு போட்டதும் சரி, காலியா கெடந்த எடத்துல உக்காந்ததும் சரி. ரெண்டும் சரி" என்றான். இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்துகொண்டு இவனைத் திட்டத் தொடங்கினார்கள். திட்டி முடித்த களைப்பில் ஆளுக்குப் பாதி சீட்டில் உட்கார்ந்து, குடும்ப நலம் விசாரித்தபடியே போனார்கள். இவன் திருவேங்கடம் வரை நின்றுகொண்டே வந்தான்.

இப்படிப்பட்டவனை நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் கதை.

பொறியியல் படிப்பை முடித்துவிட்டு எம்.டெக். சேர 'கேட்' நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். என் சித்தப்பாவின் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போடும் ஒரு ஃபேன். பக்கத்துச் சந்தில் விசைத்தறி ஓடும். நான், ரெண்டும்சரி, மேலநீலிதநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் கோமதி என மூன்று பேர். கோமதி எங்களுக்கு இரண்டு வருடம் ஜூனியர். மூளையில் எங்கள் இரண்டு பேருக்கும் சீனியர்.

நூறு மதிப்பெண்ணில் எண்பத்தைந்து பாடத்துக்கு. அதில் ரெண்டும்சரியை அடிக்க ஆள் கிடையாது. தெர்மோடைனமிக்ஸைக் கரைத்துக் குடித்தவன். எனக்கே அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மீதிப் பதினைந்து ஆப்டிட்யூட். குழாய் தொட்டியை எவ்வளவு நேரத்தில் நிரப்பும், போட்டோவில் இருப்பவர் யாருக்கு என்ன உறவு, இந்த நாலில் எது ஒட்டாதது என்று பள்ளிக்கூடப் பிள்ளையே போடக்கூடிய பத்துக் கேள்வி. தப்பாகப் போட்டால் கழித்துவிடுவார்கள். போன தடவை இவன் அந்தப் பத்துக் கேள்வியிலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டான். ஏ-யைத் தொடுவான், பி பாவமாகத் தெரியும். பி-யைத் தொட்டால் ஏ பாவம். மூன்று மணி நேரப் பரீட்சையில் பாதி நேரம் இதிலேயே போனதும் அல்லாமல், கடைசியில் ஆப்டிட்யூடில் அவன் வாங்கியது பூஜ்யத்துக்கும் கீழே. சீட்டு கிடைக்கவில்லை.

அவன் அப்பா வீட்டோடு இரண்டு தறி வைத்திருந்தார். நல்ல மனுஷர், கறாரானவரும்கூட. "இந்த ஒரு தடவதாம்ல. வரலைன்னா ராஜபாளையம் மில்லுக்குப் போயிரணும். சொல்லி வச்சாச்சு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். இது அவனுக்கு மூன்றாவது தடவை. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"ஏலே, ஒனக்கு மேல படிக்கணும்னு ஆசையா இல்லையா? அப்பாகிட்ட எதுத்துப் பேசினியா?"

"பேசினேன். எனக்குப் படிக்கணும்ங்கதும் சரி, அவுக சொல்லுததும் சரிதானல. எத்தன வருசம் அவுகளும் தறியடியிலயே நிப்பாவ?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே நானும் கோமதியும் சேர்ந்து முடிவெடுத்தோம். இந்த வருடம் இவனை எப்படியாவது ஒரே விடை சொல்ல வைத்துவிடுவது.

முதல் நாள் உறவுமுறை. கோமதி வாசித்தாள். "ஒரு பெண் ஒரு போட்டோவக் காட்டி, இவர் எங்க அம்மாவோட தம்பின்னு சொல்லுதா. அவரு அவளுக்கு என்ன வேணும்? ஏ, மாமா. பி, வீட்டுக்காரர். சி, கொழுந்தன். டி, அண்ணன்."

"மாமா" என்றேன் நான்.

"வீட்டுக்காரரும் சரிதானே" என்றான் இவன்.

"எப்பிடில?"

"எங்க அக்காவ யாருக்குக் குடுத்துருக்கு? எங்க அம்மாகூடப் பொறந்த தம்பிக்குத்தானே. கல்யாணப் போட்டோ எங்க வீட்டு ஆணியில தொங்குது. அக்கா அதக் காட்டி ஏ-ன்னும் சொல்லலாம், பி-ன்னும் சொல்லலாம். வேணும்னா வந்து கேட்டுப் பாரு."

கோமதி, "அண்ணே, கேள்வி எழுதினவரு நம்ம பக்கத்து ஆளு இல்ல. அவருக்கு மாமா வேற, மாப்பிள வேற" என்றாள்.

"அவரு எழுதினதும் சரிதாம்மா. எங்க அக்கா கெட்டிக்கிட்டதும் சரிதான்."

ஒட்டாததைக் கண்டுபிடிக்கும் கேள்வி இன்னும் மோசம். பசு, ஆடு, எருமை, காகம் என்று கொடுத்திருந்தார்கள். காகத்தை எடுத்துவிட வேண்டியதுதானே? இவன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "எருமை முதுகுல காக்கா உக்காந்துருக்கத நீ பாத்ததே இல்லையால? ஒருத்தனத் தள்ளி வச்சாத்தான் மார்க்கு குடுப்பாவளோ?" என்கிறான். 'எல்லா ரோஜாவும் பூ. சில பூக்கள் சீக்கிரம் வாடும். ஆகவே சில ரோஜாக்கள் சீக்கிரம் வாடும். சரியா?' என்று கேட்டால், விடை, அப்படி முடிவு கட்ட முடியாது என்பது. இவனோ, "தர்க்கப்படி முடியாது, சரிதான். பதினோரு மணி வெயில்ல நம்ம பூ மார்க்கெட்டுல போயி நின்னா முடியும். அதுவும் சரிதான்" என்றான்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். புத்தகத்தை மூடி மேசையில் அடித்தேன். அவன் பதறாமல் ஒரு நியாயம் சொன்னான்.

"நம்ம ஊர்ச் சாமிகிட்டயே இதத்தான் கேட்டாவ. சங்கன்னு ஒரு நாகராஜா, பதுமன்னு ஒரு நாகராஜா. ஒருத்தன் சிவன்தான் பெரிசுங்கான், இன்னொருத்தன் பெருமாள்தாங்கான். ஒண்ணச் சொல்லும்னு சண்ட. சாமி என்ன செஞ்சாரு? பாதி ஒடம்பு சிவன், பாதி ஒடம்பு பெருமாள்னு சங்கரநாராயணரா வந்து நின்னாரு. அவரே ரெண்டையும் டிக் பண்ணிருக்காரு. நான் எம்மாத்திரம்?"

கோமதிதான் பதில் சொன்னாள்.

"அவருக்கு நெகட்டிவ் மார்க் கெடையாதுல்லாண்ணே."

அதற்குப் பிறகு தண்டனை முறைக்கு மாறினோம். பத்து வினாடிக்குள் ஒரு விடை. கோமதி செல்போனில் நேரம் பார்ப்பாள். 'ரெண்டும் சரி' என்று வாயைத் திறந்தால் மாடிப்படி முழுவதும் இறங்கி ஏற வேண்டும். இரண்டு வாரத்தில் அவன் கெண்டைக்கால் கபடி ஆட்டக்காரன் கால்போல ஆகிவிட்டது. விடைதான் வரவில்லை. கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, "அவனுக்கு வயித்துக்கு என்னமும் சரியில்லையால?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். ஹோட்டலிலும் பயிற்சியை விடவில்லை. "இட்லியா தோசையா, பத்து எண்ணுதேன்" என்றால், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்" என்று சர்வர் முகத்தைப் பார்ப்பான். சர்வர் சலித்துப்போய் ஒரு நாள் பூரியைக் கொண்டுவந்து வைத்தார். "இதுவும் சரிதான்" என்று சாப்பிட்டான்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது அந்தக் கிறுக்குத்தனத்தை நான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மாதிரித் தேர்வு எழுதுவோம். கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் ஜெராக்ஸ் எடுத்து வருவது கோமதியின் வேலை. அன்று ஆப்டிட்யூடில் அவளுக்குப் பதினைந்துக்குப் பதினைந்து. எனக்குப் பதினொன்று. எனக்கு வருவதே அந்த ஒரு பகுதிதான். அதிலும் ஒரு பெண்பிள்ளை முந்திவிட்டாளே என்று வாய் நீண்டுவிட்டது.

"விடையோட ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தவளுக்குப் பதினஞ்சு வராம, எனக்கா வரும்?"

கோமதி பேனாவை மூடினாள், பையை எடுத்தாள், படியிறங்கினாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

மூன்றாவது நாள், குற்ற உணர்ச்சியை மறைக்க நானே கத்தத் தொடங்கினேன். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்குப் போயி இப்பிடி மூஞ்சியத் தூக்குனா எப்பிடி? நீயே சொல்லுல. நான் கேட்டது தப்பா, அவ கோவிச்சிக்கிட்டுப் போனது தப்பா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டும்சரியிடம் கேட்டால் எனக்குப் பாதி நியாயமாவது கிடைக்கும் என்ற தைரியத்தில்தான் கேட்டேன். ஊரில் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டேன்.

அவன் தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"அவ சரி. நீ தப்பு."

நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போயி மன்னிப்பு கேளு. நானும் வாரேன்" என்றான். மூஞ்சியில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பஸ்ஸில் நான் அவனோடு பேசவில்லை. அவனும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஆனால் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தான்.

மேலநீலிதநல்லூரில் கோமதி வீட்டுக்கு முன்னால் வெயிலில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, கையால் மிளகாயைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் இன்னும் வேகமாகப் புரட்டினாள்.

"தப்பு எம்மேலதான் கோமதி. நான் அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது" என்றேன். மிளகாய் நெடியோ வேறென்னவோ, என் குரல் கம்மிவிட்டது.

"யாரு சொல்லி வந்தீங்க?"

"இவன்தான் கூட்டிட்டு வந்தான்."

"என்ன சொன்னாவ? ரெண்டும் சரின்னாவளா?"

"இல்ல. நீ சரி, நான் தப்புன்னான்."

அவள் கை நின்றது. "எத்தன செகண்டுல சொன்னாவ?"

"பத்துகூட ஆவல."

கோமதி எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ரெண்டும்சரியை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் ஏதோ குற்றம் செய்தவன்போலத் தலையைக் குனிந்து நின்றான்.

"அப்ப இந்த வருசம் தேறிருவாவ" என்றாள். மறுநாள் காலை எங்களுக்கு முன்னால் வந்து மாடி அறையைப் பெருக்கி வைத்திருந்தாள்.

தேர்வு திருநெல்வேலியில். ஒரே பஸ்ஸில் போனோம். நான் வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் அவன் வந்தான். முகம் வாடியிருந்தது. "என்னல ஆச்சு?"

"ஆப்டிட்யூட் பத்துக்கும் போட்டுட்டேன். இருவது நிமிசத்துல முடிச்சிட்டேன்."

"பெறவு ஏம்ல இப்பிடி நிக்க?"

"ஒரு கேள்வியில பி-யும் நல்லாத்தான் இருந்துச்சு. விட்டுட்டு வந்துட்டேன்ல. ஒரு மாதிரியா இருக்கு."

நடு ரோட்டில் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோமதி எங்களோடு வரவில்லை என்கிற பாவனையில் நாலடி தள்ளி நடந்தாள்.

முடிவு வந்தது. கோமதிக்குச் சென்னையில் இடம். ரெண்டும்சரிக்கு வடக்கே, பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள் வாய் பிளக்கிற ஒரு பெரிய கல்லூரியில் இடம். அவன் அப்பா மில்லுக்குப் போன் போட்டு, "எம் மவன் வரமாட்டான், வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். எனக்கு ஆப்டிட்யூடில் பதினான்கு. மற்ற எண்பத்தைந்தில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அதனால்தான் இங்கே உட்கார்ந்து பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ரயில். ஸ்டேஷனுக்கு நான் போயிருந்தேன். அவன் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் ரெண்டும்சரி ரயில் ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டான். "நாம ரெண்டு பேரும் சேந்துதானல படிச்சோம். நீ இங்கன இருக்க, நான் மட்டும் போறது சரியா?"

மூன்று வருடம் ஒரே மேசை. இனி அந்த மாடி அறையில் எதிர் நாற்காலி காலியாகக் கிடக்கும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொஞ்சம் தயங்கினாலும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடக்கூடியவன் என்று எனக்குத் தெரியும்.

"சரிதாம்ல. போ" என்றேன், உடனே. போகாதே என்று இன்னொரு விடையும் எனக்குள் இருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.