சவனில் சோறு

“சாம்பாரை எதுல ஊத்தறது, அதை முதல்ல சொல்லுங்க” என்றாள் சொர்ணம், கரண்டியும் கையுமாக.

“ஓவன்ல.”

“அடுப்புலயே இருக்கட்டும்ங்கறீங்களா?”

“அந்த ஓவன் இல்லடி. மரக்கிண்ணம். ஜப்பான்காரங்க அதை ஓவன்னு சொல்வாங்க. சோறு சவன்ல.”

“சவமா! விருந்தும் அதுவுமா வாயில வர்ற வார்த்தையைப் பாரு!”

அழகேசனுக்கு எரிச்சலாக வந்தது. மெட்ராஸிலிருந்து டொராண்டோ வந்து, எழுபத்து மூன்றாம் வருஷத்துக் குளிரில் அலைந்து பிடித்த வேலை அது. மிசிசாகா கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறான், அதுவும் தற்காலிகமாக. அதை நிரந்தரமாக்குவதும், மூட்டை கட்டி ஆவடிக்கே அனுப்புவதும் ஜப்பானிய மேனேஜர் நாகாதாவின் கையில் இருந்தது. அந்த நாகாதா மனைவியோடு இன்று சாப்பிட வருகிறார்.

வருகிறேன் என்று அவர் சொன்னதுமே அழகேசன் நூலகத்துக்கு ஓடினான். ஜப்பானியப் பாத்திரங்கள் பற்றிய புத்தகத்தைப் பிடித்து, பேர்களை நெட்டுருப் போட்டான். ஸ்பதைனா தெருவில் கிண்ணங்களும் வாங்கியாயிற்று. வீட்டு எவர்சில்வர் தட்டுகள் கட்டிலுக்கடியில் போய்விட்டன.

“தட்டை ஒளிச்சுட்டா அப்பளத்தை எங்க வைக்கிறது?”

“ஒரே ஒரு சரா வாங்கியிருக்கேன். அவருக்கு மட்டும் அதுல வை.”

“ரசம்?”

“ஹாச்சி.”

“தும்மறீங்களா, பதில் சொல்றீங்களா?”

அதற்குள் வந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் குளிரைப் பற்றிப் பேசி முடித்து மேஜையில் உட்கார்ந்ததும், அழகேசன் சோற்றுக் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி, இடுப்பு ஒடியக் குனிந்து, “சவன்!” என்றான்.

நாகாதா கொஞ்சம் முழித்தார். பிறகு அவரும் பதிலுக்குக் குனிந்து, கிண்ணத்தைத் தொட்டு, “கட்டோரி” என்றார்.

அழகேசன் மனசுக்குள் பக்கங்களைப் புரட்டினான். புத்தகத்தில் கட்டோரியே கிடையாது. கிண்ணம் மாறிவிட்டதோ? அவசரமாகச் சோற்றை ஓவனுக்கு மாற்றினான். ஓவனில் இருந்த சாம்பார் ஹாச்சிக்குப் போனது. ஹாச்சியில் இருந்த ரசம் போக்கிடம் இல்லாமல் மேஜைவிரிப்பில் இறங்கியது.

நாகாதா பெருந்தன்மையாகச் சிரித்தார். தன் அப்பளச் சராவையும் மனைவி முன்னால் இருந்த காலி இடத்தையும் பார்த்துவிட்டு, எதிரே நின்ற சொர்ணத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அழகான தாலி. என் மனைவிக்கும் ஒரு தாலி கிடைக்குமா?”

சொர்ணம் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அழகேசனும் பின்னாலேயே ஓடினான்.

“என் தாலியைக் கழட்டி அந்தம்மாவுக்குக் குடுக்கணுமாம்! நல்ல மேனேஜர் பிடிச்சீங்க!”

“கத்தாதடி. அவங்க பாஷையில தாலின்னா ஏதாவது பாத்திரமா இருக்கும்.”

“அப்ப உங்க புஸ்தகத்துல காட்டுங்க.”

புரட்டினான். இல்லை. பெரிய பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்று தானே முடிவுகட்டி, இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தில் சோற்றைக் குவித்துக் கொண்டுபோய் மிஸஸ் நாகாதாவின் முன்னால் ‘டொக்’கென்று வைத்தான்.

“தொன்புரி!”

நாகாதாவின் முகம் தொங்கிப்போயிற்று. “மிஸ்டர் அழகேசன், நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?”

வேலை போயிற்று. அழகேசனுக்கு அழுகையே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க ஜப்பானிய மொழியில் வார்த்தை தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் கிண்ணங்கள்தான்.

“சரா… ஹாச்சி…” என்று குழறினான்.

மிஸஸ் நாகாதா கரண்டியைக் கீழே வைத்தார்.

“பாவம், வான்கூவரில் பிறந்த இவருக்கு ஜப்பானிய மொழிகூடத் தெரியாது. ஆனாலும் உங்கள் வேலை நிரந்தரமான செய்தியை உங்கள் பாஷையிலேயே சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக ஹிந்தி படித்து, கிண்ணத்துக்குக் கட்டோரி, தட்டுக்குத் தாலி என்று பாத்திரங்கள் வரைக்கும் வந்துவிட்டார்; நீங்கள் பேசுகிற ஹிந்திதான் இவருக்கு ஒன்றுமே விளங்கவில்லையாம்!”