காலிப் பெட்டிக்கே கேட் பாஸ்

கையில் மைக் கிடைத்தால் திருப்பிக் கொடுக்க மனசு வராத ஆள் நான். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கேரம் கிளப் ஆண்டு விழா, எங்கே மைக்கைப் பார்த்தாலும் "ரெண்டே வார்த்தை" என்று ஆரம்பித்துவிடுவேன். (அந்த ரெண்டு வார்த்தை முடிவதற்குள் பிரியாணி ஆறிப்போன கதையெல்லாம் உண்டு.) இந்த வியாதிதான் என்னை ஒருநாள் என் மகள் படித்த பள்ளிக்கூட வாசலில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பிள்ளை பிடிக்க வந்தவன் மாதிரி உட்கார வைத்தது. அப்படி உட்கார வைக்கும் சட்டத்தைப் போட்டவனும் நானேதான்.

அப்போது எனக்கு மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. எந்த லாரி எண்ணூர் ஹை ரோட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எந்த டிரைவர் டீ குடிக்கப் போய் இன்னும் திரும்பவில்லை என்று நாள் முழுக்க போனில் கத்துவதுதான் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் காதிலிருந்து போன் இறங்காது. யார்டில் ஒரே ஒரு வேதம் உண்டு: கேட் பாஸ் இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகக் கூடாது. கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். எனக்கு இருந்த அறிவே அந்த ஒன்றுதான். அதையும் சும்மா வைத்திருக்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம். பள்ளி விட்டதும் யார் வண்டி வீட்டுப் பக்கம் போகிறதோ அதில் பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். மீன் விற்றுவிட்டுத் திரும்பும் கோமளா அக்கா, வரிசையாக நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே கையை நீட்டி வண்டியை நிறுத்தி, அகப்பட்ட பிள்ளைகளையெல்லாம் ரோட்டைத் தாண்ட வைப்பார். ஆட்டோ ஓட்டும் கஜா சவாரி இல்லாத நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவான். யாரும் யாரையும் கேட்டதில்லை, பிள்ளைகளும் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தார்கள். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். பாஸ் இல்லாமல் பெட்டி போகிறதே!

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்த பிறகு பிள்ளைகள் பாதுகாப்பு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. எச்.எம். டீச்சர் நிதானமாக நிறைய நல்ல விஷயங்கள் சொன்னாராம். பிள்ளைகள் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், மனசில் உள்ளதைச் சொல்ல அவர்களுக்கு ஆள் வேண்டும் என்றெல்லாம் சொன்னாராம். (சொன்னாராம் என்கிறேன், ஏனென்றால் நான் அப்போது வெளியே நின்று ஒரு டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.) உள்ளே வந்ததும் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"ஒரு காலிப் பெட்டிக்கே கேட் பாஸ் கேக்குறோம். பெத்த புள்ளைக்கு வேணாமா?" என்றேன். கைதட்டல். அது போதாதா எனக்கு? ஒவ்வொரு குடும்பமும் பிள்ளையோடு ஒரு ரகசிய வார்த்தை பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அழைத்துப் போக வருபவர் அதைப் பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும். மூன்று தடவை தப்பாகச் சொன்னால் எச்.எம். வந்து விசாரிக்கும் வரை அந்த ஆளை வாசலிலேயே உட்கார வைக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். வந்தவர் மந்திரியாக இருந்தாலும் விடக் கூடாது என்றேன். பிறகு, உதாரணம் சொல்கிறேன் பேர்வழி என்று, "எனக்கும் என் பொண்ணு கீர்த்தனாவுக்கும் வார்த்தை 'வெற்றி'" என்று மைக்கிலேயே சொல்லி முடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவி சுமதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கீர்த்தனா என்னிடம் வந்தாள். ஐந்தாம் வகுப்பு. அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வாள். ஊருக்கே தெரிந்த வார்த்தை செல்லாது, புதுசு வைத்திருக்கிறேன் என்று என்னமோ சொன்னாள். நான் போனில் இருந்தேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். மறுபடி சொன்னாள். மறுபடி கட்டை விரல். ராத்திரி சாப்பாட்டில் "ஞாபகம் வெச்சுக்கினியாப்பா?" என்று கேட்டாள். கம்பீரமாகத் தலையாட்டினேன்.

கொஞ்ச நாளில் கீர்த்தனாவின் கேரம் போட்டி வந்தது. எங்கள் பக்கத்தில் கேரம் என்றால் விளையாட்டு இல்லை, சாமி காரியம். ராயபுரத்தில் அஞ்சு மணிக்கு ஆட்டம், தாமதமானால் எதிராளிக்கு வெற்றி என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சிவப்புக் காயைப் போட்டு அதற்குத் துணைக்காயையும் அடுத்த அடியிலேயே போட அவள் மாதக்கணக்கில் பழகியிருந்தாள். "நீ வந்து பாக்கணும்" என்று என்னிடம் மட்டும் கேட்டிருந்தாள். அரை நாள் லீவு போட்டு, பைக்கைத் துடைத்துக்கொண்டு, பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன்.

வாசலைப் பார்த்துக்கொள்ளும் ஆயா டெய்சி அக்கா என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். சிரித்துக்கொண்டே கீர்த்தனாவைக் கூட்டி வந்து நிறுத்தினார். "வார்த்தைய சொல்லு நைனா" என்றார்.

குனிந்து "வெற்றி" என்றேன். கீர்த்தனா உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் கட்டை விரல் ஞாபகம் வந்தது. விரல் மட்டும்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. "சிவப்புக் காய்" என்றேன். இல்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பூனை பேரைச் சொல்லுங்க, பொண்டாட்டி பேரைச் சொல்லுங்க என்று ஆளாளுக்கு யோசனை. ரகசிய வார்த்தையைக் கண்டுபிடிக்க ஒரு தெருவே உதவி செய்த கொடுமை வேறு எங்கேயும் நடந்திருக்காது. பதற்றத்தில் "சுமதி" என்றேன். கீர்த்தனாவின் முகம் சுருங்கிப்போனது.

"மூணு ஆச்சு" என்றார் டெய்சி அக்கா.

அக்கா, என்னைத் தெரியாதா உங்களுக்கு என்று கெஞ்சினேன். தெரியும் என்றார். மந்திரி வந்தாலும் விடாதே என்று நீதானே சொன்னாய் என்றார். எச்.எம். டீச்சர் ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார். சுமதிக்குப் போன் போட்டேன். வேலை செய்யும் இடத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள் என்பது நாலாவது தடவை அடித்த பிறகுதான் உறைத்தது. டெய்சி அக்கா தண்ணீர் டிரம் பக்கம் நாற்காலியைப் போட்டார்.

"காலிப் பெட்டிக்கே பாஸ் கேக்குற ஆளு. ஒக்காரு நைனா."

உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் போயின. ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று, "இவருதான் புள்ள புடிக்கிறவரா?" என்று அதன் அம்மாவிடம் கேட்டது. அந்தப் புண்ணியவதி இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். கீர்த்தனா கேரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கலங்குவது தெரிந்தது. "கீர்த்திம்மா, நான் உன் அப்பா. வந்துடும்மா" என்றேன்.

"நீதானப்பா சொன்ன, யாரா இருந்தாலும் வார்த்தை சொல்லணும்னு" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு என்னையே அறைய வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து கஜாவின் ஆட்டோ வந்து நின்றது. கீர்த்தனா விடுவிடுவென்று வாசலுக்கு ஓடி, "கஜா மாமா, ராயபுரம் போணும், வார்த்தை சொல்லு" என்றாள். கஜா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குனிந்து அவள் காதில் என்னமோ சொன்னான். அவள் பளிச்சென்று சிரித்தாள். டெய்சி அக்கா கேட்டைத் திறந்துவிட்டார்.

என்னைப் பார்த்த கஜா, "இன்னாண்ணே, இங்க ஒக்காந்துகினு கீறே?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. எழுந்து ஓடப் பார்த்தேன். டெய்சி அக்கா நாற்காலியைக் காட்டினார். எச்.எம். டீச்சர் வந்து, என்னிடம் மூன்று கேள்வி கேட்டு, நான் கீர்த்தனாவின் தகப்பன்தான் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விடுதலை.

பைக்கை விரட்டிக்கொண்டு ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. கீர்த்தனா ஜெயித்திருந்தாள். கடைசி போர்டில் சிவப்பையும் துணைக்காயையும் அடுத்தடுத்துப் போட்டாளாம். அதைப் பார்த்து விசில் அடித்தவன் கஜா. வழியில் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிக்கொண்டு, மீன் கூடையோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்து கத்தியவர் கோமளா அக்கா. பார்க்க வரச் சொல்லி அவள் கேட்ட ஒரே ஆளான நான் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்று, தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியிலும் என் சூப்பர்வைசர் புத்தி போகவில்லை. ரகசிய வார்த்தையைக் கஜாவிடம் சொல்லலாமா என்று கீர்த்தனாவைக் கேட்டேன். கஜாவிடம், கோமளா அத்தையிடம், டெய்சி ஆயாவிடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன் என்றாள். அப்புறம் அது என்ன ரகசியம் என்றேன்.

"எனக்கு ஒண்ணுன்னா வரவங்களுக்குத்தானே சொன்னேன். உனக்குத்தான் மொதல்ல சொன்னேன். அவங்க என் மூஞ்சியப் பாத்து கேட்டுக்கினாங்கப்பா, அவ்ளோதான்."

அதற்கப்புறம் வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. மைக் கொடுத்திருந்தால்கூடத் திறந்திருக்க மாட்டேன். ராத்திரி சுமதியிடம்தான் கேட்டேன், அந்த வார்த்தை என்னவென்று. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அப்பா போன்ல இருக்காரு."

அடுத்த கூட்டத்தில் எச்.எம். டீச்சர் என் சட்டத்தைத் திருத்தினார். யாரோடு போகலாம், மனசு சரியில்லை என்றால் யாரிடம் சொல்லலாம் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும், பெரியவர்கள் பேசி முடிவு செய்யட்டும் என்றார். எங்கள் தெருவில் நிறையப் பிள்ளைகள் கோமளா அக்கா பேரைச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு யாரும் மைக் கொடுக்கவில்லை.

கீர்த்தனா இப்போது காலேஜில் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் அழைத்து வரப் போனேன். புதுத் தோழிகளோடு கேட் அருகே வந்தவள், பைக்கில் ஏறாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "வார்த்தை?" என்றாள். அத்தனை பெண்களுக்கும் முன்னால், செக்யூரிட்டியும் பார்த்துக்கொண்டிருக்க, "அப்பா போன்ல இருக்காரு" என்று சத்தமாகச் சொன்னேன். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. அவள் அன்றைய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள், வண்டியை ஓரமாகவே நிறுத்தி முழுசாகக் கேட்டேன்.

போன் செய்தது சுமதி. அத்தனை தடவை அடித்தும் ஏன் எடுக்கவில்லை என்று அவள் பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை.