தலைப் பொங்கலுக்கு மாப்பிள்ளை கேட்ட பேட்டரி

திருவொற்றியூர் குப்பம்,
காணும் பொங்கலுக்கு மறுநாள்.

கொடுங்கையூரில் குடியிருக்கும் மாப்பிள்ளை நிதிஷ் அவர்களுக்கு மாமனார் கருணாகரன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். என் இடது காது மட்டும் நலமில்லை. போன் செய்தால் உங்கள் காருக்குள் கேட்காது என்பதால், மீன் கொண்டு வரும் பச்சையம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தலைப் பொங்கலுக்கு மூன்று நாள் முன்பே வந்தீர்கள், மகிழ்ச்சி. மற்ற மாப்பிள்ளைகள் மோதிரம் கேட்பார்கள், பைக் கேட்பார்கள். நீங்கள் பெருந்தன்மையாக என் படகின் பேட்டரியைக் கேட்டீர்கள். டிக்கியில் பீரோ அளவுக்கு ஒரு ஸ்பீக்கர், அது 'தும்' என்று அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறதாம். "கார் பேட்டரி பத்தல மாமா, உங்க போட்டு பேட்டரி பெர்சா கீது, பொங்கல் முடியிற வரிக்கும் மாத்திக்கலாம்" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அத்தை கோவிந்தம்மா, "தலைப் பொங்கலுக்கு வந்த புள்ள வாய்விட்டுக் கேட்டா இல்லேன்னுவியா? குடுய்யா" என்றாள். நானே கழற்றி, நானே சுமந்து வந்து, நானே டிக்கியில் வைத்தேன். பதிலுக்கு உங்கள் கார் பேட்டரி என் படகுக்கு வந்தது. டிபன் பாக்ஸ் மாதிரி அழகாக இருந்தது. உங்கள் பாட்டு குடித்தது போக அதில் மிச்சம் எவ்வளவு என்று கேட்க மரியாதை தடுத்தது.

மறுநாள் மதியம் நானும் கூட்டாளி டில்லிபாபுவும் கடலுக்குப் போனோம். போகியன்று விடிந்து திரும்பினால் ஊரெல்லாம் டயர் கொளுத்திய புகை. கரை இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை, எண்ணூர்ப் புகைபோக்கி ஒன்றுகூட இல்லை. ஜிபிஎஸ் வழி காட்டும் என்று பார்த்தால் அது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது, பின்னாலேயே ஒயர்லெஸ் போனது, அதே பேட்டரியில் சார்ஜ் போட்டிருந்த எங்கள் போன்களும் போயின. கரை நெடுகக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள், நம் படகு நுழைய நடுவில் ஒரு சந்துதான், தவறினால் படகும் இல்லை நாங்களும் இல்லை. "கல்லு எங்க கீதுன்னே தெர்லியே அண்ணே" என்று அழுதான் டில்லிபாபு. எனக்கும் பயம்தான், சொல்வதற்கென்ன. அப்போது கேட்டது உங்கள் 'தும் தும்'. "இந்தக் கலீஜ் சத்தம் நம்ம வூட்டு சத்தம்டா" என்று அதைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தால், மாமனார் கடலில் தத்தளிக்கிற நேரத்தில் நீங்கள் மணலில் காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்துவிட்டு நிற்கிறீர்கள், சுற்றிலும் குப்பத்துப் பிள்ளைகள் ஆட்டம். "வந்துட்டீங்களா மாமா" என்றீர்கள். போகிப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே டீ வாங்கப் போய்விட்டீர்கள். உங்களுக்கென்ன கவலை.

ஆகவே என் பேட்டரியைப் பச்சையம்மாவின் ஆட்டோவிலேயே இன்றே அனுப்பவும். ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்குப் போடவும். அடுத்த பொங்கலுக்கு பஸ்ஸில் வரவும். நீங்களும் என் மகள் மலரும் நோய் நொடியில்லாமல், காதும் கேட்டு, நூறாண்டு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் மாமனார்,
கருணாகரன்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது மலர் போன் செய்தாள். எழுதியதைச் சொன்னேன். "இன்னாப்பா, அவரு கூத்தடிச்சாருன்னா நெனச்சுகினு கீற? போட்டு வரலன்னதும் துடிச்சுப் போயி, சந்துக்கு நேரா மணல்ல காரை எறக்கி மூணு மணி நேரம் பாட்டு வுட்டாரு. உன் பேட்டரியாங்காட்டி தாங்குச்சு. மணல்ல சிக்கி கிளட்ச்சே பூட்ச்சு, உங்கைல சொல்லக் கூடாதுன்னாரு" என்றாள். நீங்கள் கண்ணைக் கசக்கியது புகையால் என்று நினைத்துவிட்டேன், மாப்பிள்ளை. பேட்டரி உங்களிடமே இருக்கட்டும். பாட்டை மட்டும் மாற்றவும்.