பேரையூர் வரை போன குதிரை

படிக்காமலே ஒரு புத்தகத்தைத் திட்டுவது ரொம்பச் சுகமான வேலை. படித்துவிட்டுத் திட்டப் போனதில்தான் என் மானம் போனது, பிள்ளைகளே.

என் மகள் தேன்மொழி ஏழாவது படிக்கும்போது பள்ளி நூலகத்திலிருந்து ஒரு கௌபாய் நாவல் கொண்டுவந்தாள். அட்டையில் குதிரை, தொப்பி, இரண்டு கையிலும் துப்பாக்கி. எனக்குப் பகீர் என்றது.

"பிள்ளைக படிக்கிற புத்தகமா இது? ஸ்கூலுக்கே வந்து கேக்குறேன்."

"அந்த அலமாரியையே பூட்டிருவாங்கப்பா. இன்னும் ஒம்பது புத்தகம் நான் படிக்கல" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. நான் அசையவில்லை. (படிப்பு பத்தாவது. பிடிவாதத்தில் டாக்டர் பட்டம்.)

ஆதாரம் வேண்டுமே. கே.கே. நகர் கிளினிக்கில் வேலை முடிந்து திருமங்கலத்துக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் படித்தேன். துப்பாக்கி வெடிக்கும் பக்கத்தில் எல்லாம் பழைய, புதிய பஸ் டிக்கெட்டுகளைச் செருகினேன். கொள்ளைக்காரன் ஷெரீப்பைக் கட்டிப்போட்டுத் தீக்குச்சியை உரசுகிறான்... கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"அண்ணே, திருமங்கலம் தாண்டி எம்புட்டு நேரமாச்சு. பேரையூர் வரப்போகுது. டிக்கெட் எடுங்க."

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் அவரே கேட்காமல் பேரையூருக்குக் கொடுத்துவிட்டார். (நான் மறுக்கவில்லை. கதையில் பாலம் எரிந்துகொண்டிருந்தது.)

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனேன். நூலகத்து சிஸ்டர் பக்கத்தில் தேன்மொழி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"ரெண்டு பக்கம்தான் புரட்டினேன் சிஸ்டர். அதுக்கு மேல மனசு வரல. பிள்ளைகளுக்கு ஆகாது" என்றேன் கம்பீரமாக.

சிஸ்டர் புத்தகத்தை வாங்கி, உள்ளே இருந்த டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உருவி மேசையில் அடுக்கினார்.

"வீடு திருமங்கலம்தானே? மூணு டிக்கெட் பேரையூர்னு போட்டிருக்கே. சொந்தக்காரங்க இருக்காங்களா?"

தேன்மொழி நிமிர்ந்தாள். "மூணு நாளும் பஸ் பிரேக்டவுன்னு சொன்னீங்களேப்பா."

சிஸ்டர் கடைசி டிக்கெட் இருந்த இடத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு அத்தியாயம்தான் பாக்கி. முடிக்கலையா?"

"அதுக்குள்ள ஊர் வந்துருச்சு சிஸ்டர்."

"எந்த ஊர்?"

அலமாரி தப்பித்தது. தேன்மொழியின் நூலக அட்டையில் என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கதையில் துப்பாக்கி இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் கொடுத்த வாக்குக்காகத் திரும்பி வந்த ஒருவனும் இருந்தான். மூன்று நாள் பொய் சொன்னது நான். அதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை.

தேன்மொழி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டு, என் காதில் விழாவிட்டால் மகள்தான் சொல்வாள்:

"விடும்மா. அப்பா பேரையூர்ல இருக்காரு. குதிரையக் கட்டிட்டு வருவாரு."