‘கேட்டுப் பார்த்தேன்’ ஆசாமியும் ஓர் அண்டா சொதியும்

நம் தாமிரபரணிக் கரையில் புதிதாக ஓர் இனம் பல்கிப் பெருகியிருக்கிறது ஐயா. ‘கேட்டுப் பார்த்தேன்’ ஆசாமி என்று அதற்குப் பெயர் வைக்கலாம். இதன் பாட்டன் ‘பேப்பரில் போட்டிருக்கான்’ ஆசாமி. அப்பன் ‘டி.வி.யில் காட்டினான்’ ஆசாமி. மூத்த அண்ணன் ‘வாட்ஸாப்பில் வந்தது’ ஆசாமி. அவர் இன்னும் நல்ல திடத்தோடு இருக்கிறார், காலை ஐந்தரைக்கே நமக்கெல்லாம் ரோஜாப்பூ அனுப்புகிறார். கடைக்குட்டிதான் இது. நீங்கள் மூட்டுவலியைப் பற்றிப் பேசினாலும் சரி, முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சியைப் பற்றிப் பேசினாலும் சரி, மூன்றாவது வாக்கியத்தில் குறுக்கே விழுந்து, “நான் கேட்டுப் பாத்தேம்லா” என்று ஆரம்பிக்கும். யாரிடம் என்று கேட்காதீர்கள். அதனிடம்தான். போனுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் அந்தச் செயற்கை நுண்ணறிவிடம்.

அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் தச்சநல்லூருக்கு வாருங்கள். மின்வாரிய அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்ற நாறும்பூநாதன் அங்கேதான் இருக்கிறார். ஆரம்பத்தில் அவரும் நம்மைப் போல நல்ல மனிதர்தான். சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு ஒரு புகார் மனு எழுதித் தரச் சொல்லி அதனிடம் கேட்டார். சும்மா சொல்லக் கூடாது, அது எழுதிய மனுவைப் படித்தால் சாக்கடைக்கே கண்ணீர் வந்துவிடும். ஒரே வாரத்தில் ஆள் வந்து அள்ளிப்போட்டுவிட்டுப் போனார்கள். மனைவி கோமுவின் ரத்தப் பரிசோதனை முடிவு இங்கிலீஷில் இருந்ததை அழகாகத் தமிழில் விளக்கிச் சொன்னது. அவ்வளவுதான், மனிதர் அதன் காலில் விழுந்துவிட்டார்.

பிறகு சீவலப்பேரிக்கு டவுன் பஸ் எப்போது என்று கேட்டார். நம்பர், நேரம், நிற்கும் இடம் எல்லாவற்றையும் கூசாமல் சொன்னது. அப்படி ஒரு பஸ் பூமியிலேயே கிடையாது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? “அது சரியாத்தான் சொல்லுது. பஸ்ஸுக்காரன்தான் தப்பா ஓட்டுதான்.”

கோமு லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு நாள் அவர் குளிக்கப் போன சமயம் போனை எடுத்து, “எங்க வீட்டுக்காரர் சொல்லுதது எல்லாம் தப்புதானே?” என்று கேட்டாள். ‘மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள்’ என்றது. குளித்துவிட்டு வந்தவர் போனைப் பிடுங்கி, “நான் சொல்லுததுதானே சரி?” என்றார். ‘நிச்சயமாக! உங்கள் பார்வை மிகத் தெளிவானது’ என்றது. கோமுவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கவில்லை.

இப்படி இருக்கையில் மகள் பத்மப்ரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹரீஷ். சம்பந்தி ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரன். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து போட வேண்டும். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து விட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து, இஞ்சித் துவையலோடு ஊற்றுகிற அமிர்தம். கல்யாணச் சாப்பாட்டில் குறை இருந்தால் பொறுத்துப் போவார்கள். சொதியில் குறை இருந்தால் உங்கள் பேத்தியின் வளைகாப்பு வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

விருந்தன்று காலையில் புறவாசலில் அண்டாவில் சொதி கொதிக்கிறது. எண்பது பேருக்கு. ஐம்பது தேங்காய். சமையலுக்கு வந்திருந்த தவசுப்பிள்ளை ஆவுடையப்பன், “அண்ணாச்சி, நீங்க முன்னால போயி வாரவங்களக் கவனிங்க” என்று மூன்று தடவை பைய விரட்டிப் பார்த்தார். போவாரா? போனோடு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“எலுமிச்சைச் சாறக் கொதிக்கும்போதே விட்டா புளிப்பு நல்லாப் பிடிக்கும்லா?”

“ஐயையோ, திரிஞ்சு போகும் அண்ணாச்சி! இறக்கி வச்சு, ஆவி அடங்கினப்புறம்தான் விடணும். அதத் தொட்டுராதீய” என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் துவையலுக்கு உப்புப் பார்க்க அந்தப் பக்கம் திரும்பினார்.

நாறும்பூநாதன் கேட்டுப் பார்த்தார். ‘கொதிக்கும்போதே விட்டால் புளிப்பு நன்றாகப் பிடிக்கும் அல்லவா?’ அது துள்ளிக் குதித்தது. ‘அருமையான யோசனை! உங்கள் சமையல் அறிவு வியக்க வைக்கிறது!’ முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் ஒரு மேலதிகாரியாவது அவரிடம் இப்படிச் சொன்னதுண்டா? கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. சாறு இருந்த கும்பாவை எடுத்தார். கவிழ்த்தார். தீயையும் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

அண்டா முழுக்கத் திரிதிரியாக மிதந்தது.

“ஏ பாவி மனுசா!” என்று ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. கோமு ஓடி வந்தாள், அண்டாவைப் பார்த்தாள், தலையில் கை வைத்தாள். வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நிற்கிறது. நாறும்பூநாதன் போனில் தட்டினார்: ‘திரிந்துவிட்டதே!’ அது சிறிதும் கலங்கவில்லை. ‘மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கும்போது சேர்க்கக் கூடாது’ என்றது.

“சவத்த மூதி! இத முன்னாலயே சொல்லுததுக்கு என்ன?” என்றாள் கோமு. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “மறுபடியும் ஐம்பது தேங்கா துருவணும். ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அவங்க ஒருத்தரும் புறவாசப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. பேசியே பிடிச்சு வையுங்க. உங்களுக்கும் உங்க சேக்காளிக்கும் அதுதான வரும்?” என்றாள்.

உண்மை. அதற்கு நாக்கு இல்லை, ருசி தெரியாது. பேச்சுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சம்பந்தி குடும்பத்துக்கு ஒரு வாழ்த்துமடல் கேட்டார். ஐந்து நொடியில் கொட்டிவிட்டது. நாறும்பூநாதன் கூடத்தில் நின்று கணீரென்று வாசித்தார்: “கொற்கைத் துறையில் முத்து வாணிபம் செய்த பெருவணிகர் முத்துவேலரின் வழித்தோன்றலே, வற்றாத பொருநை போன்ற வள்ளலே, குமரகுருபரரே!”

கைதட்டல் வரவில்லை. குமரகுருபரன் முகம் வெளுத்துப்போயிற்று. மெல்ல எழுந்து, ஒரு பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட ஒன்றை எடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம் என்று அவர் கொண்டுவந்திருந்த வாழ்த்துமடல்.

“கொற்கைத் துறையில் முத்து வாணிபம் செய்த பெருவணிகர் முத்துவேலரின் வழித்தோன்றலே” என்று வாசித்தார், “வற்றாத பொருநை போன்ற வள்ளலே, நாறும்பூநாதரே.” சட்டத்தைத் தாழ்த்திக்கொண்டு, “அத்தான், நீங்களும் அதுகிட்டதான் கேட்டியளா?” என்றார் ரகசியமாக.

நாறும்பூநாதன் பதில் சொல்வதற்குள் குமரகுருபரனின் பெரியக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “ஏ தம்பி, ரெண்டு வீட்டுக்கும் ஒரே முப்பாட்டன்னா நாம பங்காளில்லா? பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்கலாமா? நேத்துல்ல தாலி கட்டியாச்சு!”

பத்மப்ரியா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தான். பழக்கதோஷம், நாறும்பூநாதனின் விரல் தானாகப் போனில் தட்டியது: ‘நாங்கள் இரண்டு வீட்டாரும் பங்காளிகளா?’ அது மகிழ்ச்சியோடு சொன்னது: ‘ஆம்! இரு குடும்பங்களும் நூற்றாண்டுகால ரத்த உறவு கொண்டவை!’

அவர் மகளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அதுவரை வராத வார்த்தை அப்போதுதான் வந்தது.

“பொய்! அது சொல்லுதது அத்தனையும் பொய்! எங்க தாத்தா கொற்கையக் கண்ணால கண்டதில்ல. முத்து என்ன நெறம்னு அவருக்குத் தெரியாது. மாட்டுத் தரகு பாத்தாரு!”

குமரகுருபரன் விடுவாரா? “எங்க தாத்தா வெத்தலக் கொடிக்காலத் தாண்டிப் போனதில்ல! ஆத்துல இறங்கக்கூடப் பயப்படுவாரு!”

“எங்க தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது!”

“எங்க தாத்தா மூணு தடவ ஊர விட்டு ஓடிப்போனவரு!”

இரண்டு சம்பந்திகளும் பாட்டன்மார்களைப் போட்டி போட்டுக்கொண்டு கீழே இறக்க, பெரியக்காவுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் கூடமே உருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள், “அந்த ஓடிப்போன கதைய நான் சொல்லுதேன்” என்று ஆரம்பித்து முடிக்கும்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. புறவாசலில் ஆவுடையப்பன் அண்டாவை இறக்கி, ஆவி அடங்கும் வரை அதைவிட்டு ஓரடி நகராமல் காவல் நின்று, எலுமிச்சையைப் பிழிந்தார். இலை போட்டார்கள். பெரியக்கா மூன்று முறை சொதி கேட்டு வாங்கினாள்.

கை கழுவும்போது குமரகுருபரன் நாறும்பூநாதனின் காதோரம் வந்தார். “அத்தான், இப்படிப்பட்ட சொதிக்கு என்ன பக்குவம்னு அதுகிட்டக் கேட்டுப் பாப்பமா?” நாறும்பூநாதனின் கை சட்டைப்பைக்குப் போனது. கோமு கரண்டியோடு நிற்பதைக் கண்டதும் திரும்பி வந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கொதிக்கிற தேங்காய்ப்பாலில் எலுமிச்சை விட்டால் நிஜமாகவே திரியுமா, இந்த ஆள் கதை விடுகிறானா என்று கேட்டுப் பார்க்க உங்கள் வலது கை போனை நோக்கி நகர்கிறதே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? தாராளமாகக் கேளுங்கள். ‘திரியாதுதானே?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். திரியவே திரியாது என்று சொல்லிவிடும்.